மூன்று சுற்று டேப்

பால் புட்டியின் நிப்பிள் கிழிந்துவிட்டது. புதிதாக வாங்கிய நிப்பிள், தலையணை கொள்ளும் அளவுப் பெட்டியில் வந்து சேர்ந்தது. பல நாள் கண்விழித்த மனைவி அப்போதுதான் குழந்தையோடு அயர்ந்திருந்தாள். அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று அவன் பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுபோனான்.

டேப்பை இழுத்ததும் துணி கிழிவது போல் சத்தம். மூன்று சுற்று ஒட்டியிருந்தார்கள். கிடங்கில் பெட்டி கட்டும் அவனும் அப்படித்தான் ஒட்டுவான். பிரிந்து திரும்பி வந்தால் மேற்பார்வையாளர் வாயில் விழ வேண்டும். தன் வினை தன்னைச் சுடுகிறது என்று நொந்தபடி இம்மி இம்மியாக உரித்தான். உள்ளே காற்றுப்பைகள், கசக்கிய காகிதம், அதற்கடியில் இன்னொரு பெட்டி.

அறையில் அழுகை எழுந்தது. ஓடிப்போய் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு கையால் காகிதத்தை விலக்கியபோது அது சலசலத்தது. அழுகை சட்டென நின்றது. மகள் வாய் பிளந்து பார்த்தாள்.

"பிடிச்சிருக்கா ராஜாத்தி? அப்பா வேலை செய்யற இடம் பூரா இதுதான்," என்று கிசுகிசுத்து மறுபடி கசக்கினான்.

"என்ன சலசலன்னு சத்தம்? அந்தக் குப்பையை வெளியே போடக் கூடாதா?" அறையிலிருந்து தூக்கக் குரல்.

"உன் மக விட மாட்டேங்கறா. நீ தூங்கும்மா."

அவள் புரண்டு படுத்தாள். நிப்பிளைக் கொதிநீரில் போட்டெடுத்து மாட்டி, மகள் பால் குடித்து முடிக்கும்வரை, அவன் காலால் காகிதத்தைக் கிளறிக்கொண்டே இருந்தான்.