சின்னதாக ஒரு பிரஷ்

கோட்டாற்றில் மீரா முகைதீன் கடையில் அன்று மதியம் இருந்தவர்கள்: கடைக்காரர் மீரா முகைதீன். சோப்பு வாங்க வந்து, வெயில் தாழட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்ட யேசுரத்தினம் வாத்தியார். அரிசி மூட்டை மேல் தூங்கிய ஒரு பூனை. மூன்று மாதத் தாடியோடு பொன்னுலிங்கம். சொந்தக்காரர் யாரும் இல்லை. எதிர்ச்சாரியில் கால்மணி நேரம் நின்று அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் அவன் படியேறினான்.

"முகம் வழிக்கதுக்கு ஒரு பிரஷ் வேணும், மொதலாளி. சின்னதா."

மீரா முகைதீன் தாடியைப் பார்த்தார். "இந்தக் காட்டை வழிக்கதுக்கா? இதுக்கு வெட்டுக்கத்தில்லா வேணும்வேய்."

வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"எனக்கில்ல. எனக்க தம்பிக்கு."

பொன்னுலிங்கத்துக்குத் தம்பி கிடையாது. கடைக்காரர் அலமாரியிலிருந்து மூன்று பிரஷ்களை எடுத்துப் பலகையில் நிறுத்தினார்.

"பன்னி முடியிலயும் வருது. வெலை கொறவு. நான் அதைக் கடையில ஏத்தமாட்டேன். இது ரெண்டும் குதிரை வால். இந்தா இருக்கது சீமையில வளைக்குள்ள கெடக்க ஏதோ மிருகத்துக்க முடியாம். பேரு எனக்கும் தெரியாது. பூ மாதிரி இருக்கும், தொட்டுப் பாரும்."

பொன்னுலிங்கம் சீமைப் பிரஷைத் தொடவில்லை. குதிரைவாலில் சின்னதை எடுத்தான். மரக்கைப்பிடி, இரண்டு விரல் உயரம். முடியை இழுத்துப் பார்த்தான், ஒன்றும் கழன்று வரவில்லை. புறங்கையில் அழுத்தினான். பிறகு யோசிக்காமல், தாடிக்குக் கீழே கழுத்தின் வெறுந்தோலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

"தம்பிக்க கழுத்து ஒம்ம கிட்டயா இருக்கு?" என்றார் மீரா முகைதீன்.

பொன்னுலிங்கம் பிரஷைக் கீழே வைத்தான்.

அந்த ஊர்ப்பக்கம் முப்பது வயசுக்காரன் தாடி விட்டால் காரணம் கேட்க வேண்டியதில்லை. ஒன்று கோயிலுக்கு நேர்ச்சை, இல்லையென்றால் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை. பிள்ளை பிறக்கும் வரைக்கும் புருஷன் முகத்தில் கத்தி படக்கூடாது.

"எத்தனாவது மாசம்?"

"ஆறு."

"அப்பம் இது எதுக்குவேய்?"

"வேலை செய்யுத எடத்துல வழிக்கச் சொல்லியிருப்பானுவ," என்றார் வாத்தியார், தன் சோப்பைப் பார்த்துக்கொண்டே.

அதுதான் விஷயம். குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் அளந்து எழுதும் ரைட்டர் பொன்னுலிங்கம். புது மானேஜர் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவருக்குத் தாடி ஆகாது. காரணத்தைச் சொன்னபோது சிரித்தார். திங்கட்கிழமை சுத்தமான முகத்தோடு வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் தலைச்சன் பிள்ளை செத்துப் பிறந்தது. அப்போது அவன் தாடி விடவில்லை. குற்றம் அதுதான் என்று மாமியார் செல்லக்கனி தீர்த்துச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவை சுசீந்திரத்தில் அவள் வீட்டு முற்றத்தில் நின்று, மனைவி பகவதியம்மாள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தான். பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்த அவளைப் பார்க்க அன்று காலையிலும் அங்கே போயிருந்தான். பகவதியம்மாள் தாடியைப் பிடித்து இழுத்து, "ஆட்டுக்கடா கணக்கா இருக்கிய," என்று சிரித்தாள். அவளிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

நாவிதரிடம் போக முடியாது. குலசேகரத்து நாவிதர் பெண்ணெடுத்தது சுசீந்திரத்தில். அவர் கத்தி பட்ட முகத்தின் சேதி வாரம் திரும்புவதற்குள் செல்லக்கனி காதுக்குப் போய்விடும். தானே வழித்துக்கொள்ள வேண்டியதுதான். அதுவும் மூன்று மாதத்துக்குத்தான். அதற்குச் சின்னது போதும். பிரஷ் சின்னதென்றால் தப்பும் சின்னது என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம்.

"வீட்டுல சொல்லீட்டுச் செய்யும்," என்றார் மீரா முகைதீன்.

"சொன்னா சம்மதிக்க மாட்டா."

"கேட்டுப் பாத்தீரா?"

"பொதிஞ்சு தாரும் மொதலாளி. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் விடியுமுன் ரப்பர் மரங்களுக்கிடையில் ஓடும் ஓடைக்கரையில் உட்கார்ந்து வழித்தான். முதலில் கத்தரிக்கோல், பிறகு நுரை, பிறகு கத்தி. மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டான். மானேஜர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வேலை நிலைத்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை. வழித்த முகத்தோடு சுசீந்திரம் போக முடியாது என்பது அடுத்த சனிக்கிழமைதான் உறைத்தது. தாடி ஒரு ராத்திரியில் முளைக்காது. இன்ஸ்பெக்ஷன் என்று கடிதம் போட்டான். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் காய்ச்சல். தெரிந்தவர்கள் கையில் நேந்திரங்காயும் தேனும் கொடுத்தனுப்பினான். தினமும் காலையில் ஓடைக்கரையில் நுரை போட்டான். கை பழகிவிட்டது, வெட்டுப்படுவதும் நின்றுவிட்டது.

எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பகவதியம்மாள் கையெழுத்தில் கார்டு வந்தது. 'ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.' வேறு ஒன்றுமில்லை. அவளுக்குத் தன்னைப் பார்க்க ஆசை என்று நினைத்துக்கொண்டான். அந்தக் கார்டைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். பதிலுக்கு மறுபடியும் இன்ஸ்பெக்ஷன் என்று எழுதினான்.

செவ்வாய்க்கிழமை சுசீந்திரத்திலிருந்து ஆள் வந்து, உடனே புறப்படச் சொன்னான். அளந்துகொண்டிருந்த பாலை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினான். பாதி வழியில் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். காலையில் வழித்தது, வழுவழுவென்று இருந்தது.

அவன் போனபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். இதுவும் செத்துத்தான் பிறந்தது. ஆண்பிள்ளை.

செல்லக்கனி அவன் முகத்தைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "பாத்தியளா ஊருக்காரரே! செரைச்சுக்கிட்டுல்லா வந்து நிக்கான்! மூத்ததையும் தின்னான், இதையும் தின்னுட்டான்!"

தெருவில் பெண்கள் கூடினார்கள். பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளறைக்குப் போனான்.

பகவதியம்மாள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்ததும் திரும்பினாள். கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"நேத்து வழிச்சதா?"

"இன்னைக்குக் காலத்த."

"எம்புட்டு நாளாட்டு?"

"ரெண்டு மாசம். வேலை போயிரும்னு மானேஜர் சொன்னான்ட்டி. ஒனக்க கிட்ட சொல்ல..."

"இதுக்காகவா இத்தன நாளும் வரல்ல?"

வெளியே செல்லக்கனி இன்னும் தாடியைச் சொல்லிச் சாபமிட்டுக்கொண்டிருந்தாள். "சும்மா கெடம்மா!" என்று பகவதியம்மாள் கத்தினாள். இருந்த பலமெல்லாம் அதில் போய்விட்டது. மூச்சு வாங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"தாடிக்கு என்ன. அது அம்மைக்கு உள்ளது. எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. போன புதனாழ்ச்ச பிள்ளைக்கு அனக்கம் கொறஞ்சு போச்சு. எப்பமும் முட்டுக பிள்ளை ஒரே கெடையா கெடக்கு. ஆஸ்பத்திரிக்குப் போணும்னேன். வயித்தை வெட்டிப் போடுவானுவ, கஷாயம் தாரேன்னு அம்மை விடல்ல. நீங்க வந்தா கூட்டிக்கிட்டுப் போவியன்னு இருந்தேன். ஞாயிற்றுக்கெழமை பஸ் எரையத சத்தமெல்லாம் கேட்டுக்கிட்டே கெடந்தேன். திங்களாழ்ச்ச அனக்கமே நின்னுட்டு."

"கார்டுல ஒரு வரி எழுதப்பிடாதாட்டி?"

"எழுத்துல வச்சா பலிச்சிரும்னு பயந்தேன்."

அவன் அன்றைக்கே கேட்டிருந்தால் அவள் வழிக்கச் சொல்லியிருப்பாள். வழித்த முகத்தோடு வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். பிள்ளை பிழைத்திருக்குமா என்பது வேறு விஷயம். அவள் தனியாகக் கிடந்திருக்க மாட்டாள்.

"என்கூட வந்திரு. குலசேகரத்துல நான் பாத்துக்கிடுதேன்."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பில்லை. கையை ஊன்றி எழுந்தாள். பிடிக்கப் போனவனைத் தள்ளிவிட்டாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசல்வரை நடந்தாள், பின்னாலேயே அவனும் வந்தான். செல்லக்கனி ஒதுங்கினாள்.

"எறங்குங்க," என்றாள் பகவதியம்மாள்.

"ஏட்டி பகவதி..."

"எறங்குங்க. கடைசி பஸ் போயிரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவன் மூன்று படியும் இறங்கித் தெருவில் கால் வைத்தான். கூடி நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். பின்னால் வாசலின் இரண்டு கதவுகளும் சேர்ந்தன. கொண்டி விழுந்தது. பிறகு சாவி பூட்டில் இரண்டு தடவை திரும்பியது.