மழித்த கழுத்து

நாய் சிட்டுவின் கழுத்தில் நான் கட்டிவிட்ட கறுப்புத் துண்டைக் காணோம். ஸ்கேனுக்காக மயிரை மழித்த இடம் சிவந்து வீங்கிக் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெளிச்சமே படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"வர்ற வழியில கருப்பசாமிகிட்ட நிப்பாட்டுனேன் டாக்டரம்மா. கழுத்துல இருக்குற கட்டியச் சாமி பாக்க வேணாமா? அதுக்குத்தான் துண்ட எடுத்தேன்."

தங்கப்பொண்ணு பரவை மார்க்கெட்டில் கீரை விற்பவர். விடியுமுன் தனியாகக் கிளம்பும் அவருக்கு இந்த நாய்தான் துணை. அதற்காக உச்சி வெயிலிலா நிறுத்துவார்கள்!

நேற்று நான் ஏற்றிய மருந்து, வெளிச்சம் பட்ட இடத்தைக் கருக்கிவிடும். புற்றுக்கட்டிக்குள் லேசர் ஒளியைச் செலுத்தி, அதன் இரத்தக் குழாய்களை அடைப்பதற்காக ஏற்றியது. வெயில் முந்திக்கொண்டு தோலைச் சுட்டுவிட்டது. இன்று தள்ளிப்போட்டால் மருந்து வீண். மறுபடி தாங்கும் தெம்பு சிட்டுவுக்கு இல்லை. செய்யலாமென்றால், கட்டியை ஒட்டியே தலைக்குப் போகும் பெரிய குழாய் இருக்கிறது. வீக்கம் அதை நெரித்தால் மேசையிலேயே உயிர் போய்விடும்.

செய்வதென்று முடிவெடுத்தேன். மயக்க ஊசி போட்டு, ஜன்னல்களை அடைத்து, ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தேன். கட்டிக்குள் இரத்தம் ஓடிய இடமெல்லாம் திரையில் சிவப்பும் நீலமுமாக மின்னின. ஊசி வழியே ஒளியிழையை இறக்கி லேசரைப் போட்டேன். ஓரத்திலிருந்து நிறங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"என்னம்மா ஆகுது?"

"பேசாம இருங்கக்கா."

நடுவில் ஒரு சிவப்பு மட்டும் பிடிவாதமாக நின்றது. அதற்குள் பெரிய குழாயின் துடிப்பு மெலியத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் ஒளி கொடுத்தால் கட்டி ஒழியும், சிட்டுவும் போகலாம். சட்டென்று லேசரை அணைத்தேன். பயத்தில்தான் அணைத்தேன், பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

வீக்கம் வடிய ஊசி போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய குழாய் மெல்ல எழுந்து துடித்தது. ஏற்கெனவே பட்ட ஒளி வேலை செய்ததோ என்னவோ, அந்தச் சிவப்பு மங்கியது. திரும்ப வந்தது. பாவி, போய்த்தொலை என்று வாய்விட்டே சொன்னேன். இன்னொரு முறை மங்கியது, பிறகு வரவில்லை.

"கட்டிக்கு ரத்தம் நின்னுருச்சுக்கா. அடுத்த வாரம் மறுபடி பாக்கணும்."

"சிட்டு?"

"மூச்சு விடுது, பாருங்க."

தங்கப்பொண்ணு அழுதுகொண்டே நாயை அள்ளியெடுத்துக் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே வெயில் கொளுத்தியது. நான் கத்த வாயெடுப்பதற்குள் அவரே நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் சிட்டுவின் கழுத்தை மூடினார்.

"பொழுது சாயட்டும், போறேன். கருப்பசாமி இனிமே இருட்டுனப்புறம் பாத்துக்கிடட்டும்."