பட்டையில் ஒரு கை அகலம்

மூடுபனி இறங்கிவிட்டால் காலோவே குன்றில் மாடு முழுதாகத் தெரியாது. முன்பாதியும் பின்பாதியும் கறுப்பு. பனி இரண்டையும் விழுங்கிவிடும். வயிற்றைச் சுற்றிய வெள்ளைப் பட்டை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். ஒல்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஏதோ மாடு இந்த மலைமாட்டோடு கலந்ததில் வந்த பட்டை என்பார்கள். உறுதியாகத் தெரிந்தவர் இல்லை. கொம்பு கிடையாது. நீண்ட மேல்முடி மழையை வழியவிடும். அடிமுடி கம்பளிபோல் சூட்டைப் பிடித்துவைக்கும். அதனால் தொழுவம் தேவையில்லை. குன்றிலேயே கிடக்கும், குன்றிலேயே ஈனும்.

அன்று மதியம் ஷீனாவின் நிறைசினைக் கிடாரி ரோவன், கல்சுவர் இடிந்த இடத்தைத் தாண்டிச் சதுப்புக்குள் போய்விட்டது.

"போகாத புள்ள, பனி விலகட்டும்," என்றான் பக்கத்துப் பண்ணை டூகல், சரிந்த கல்லை அடுக்கியபடி.

"அதுக்குள்ள தாயும் கன்னும் சேத்துல முங்கிடும். தலைச்சன் ஈத்து. அதுக்கு என்ன தெரியும்?"

"இதோட அக்கா இருந்திருந்தா வழி காட்டியிருக்கும். அது கெட்டிக்காரி. அதைத்தான் நீ போன வருஷம் கசாப்புக்கு அனுப்பிட்ட."

"முதுகுல ஒரு கை அகலம் பட்டை விட்டுப்போச்சே! முழுப்பட்டை இல்லாததை இனப் பதிவுல ஏத்த மாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"கறியில பட்டை தெரியலையே. நான் ரெண்டு தட்டு தின்னேன், நீ மூணு."

சதுப்பில் உறுதியான தரை எதுவென்று மாட்டுக்குத்தான் தெரியும். அதனால் பனியில் சிக்கியவர்கள் பட்டையைப் பார்த்து நடப்பார்கள். சுவரைத் தாண்டிச் சதுப்பில் இறங்கிய ஷீனாவுக்கும் கொஞ்ச தூரத்தில் ஒரு பட்டை தெரிந்தது.

"ரோவன்!"

பட்டை நகர்ந்தது. அது போன வழியில் அவள் கால்வைத்தாள்; தரை தாங்கியது. ஆனால் சேற்றிலிருந்து குளம்பு பிடுங்கும் சத்தம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை. நெருங்கியபோதுதான் கவனித்தாள். முதுகின்மேல் ஒரு கை அகலத்துக்குப் பட்டை அறுந்திருந்தது.

அவள் மந்தையில் அப்படி ஒரு மாடு இல்லை. இருந்த ஒன்றை அவள் தின்றிருந்தாள்.

திரும்பிவிட நினைத்துப் பின்னால் கால்வைத்தாள், முழங்கால்வரை புதைந்தது. காலைப் பிடுங்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள்.

ரோவன் ஒரு புல்மேட்டில் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. மாடு முக்கும்போது மட்டுந்தான் இழுக்க வேண்டும், அதுவும் கீழ்வாக்கில். ஷீனா அப்படியே இழுத்தாள். கன்று வழுக்கி விழுந்து தும்மியது. ரோவன் நக்க நக்க வெள்ளைப் பட்டை துலங்கிவந்தது. முதுகில், அதே இடத்தில், அறுந்திருந்தது.

பொழுது சாயத் தொடங்கியது. பனிக்குள் அந்தப் பட்டை நின்ற இடத்திலேயே நின்றது. முகம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. "போ, நட," என்று சொல்லிப் பார்த்தாள். அசையவில்லை.

தூரத்தில் டூகலின் குரல் கேட்டது. "ஷீனா! கன்னு என்ன?"

"கிடேரி!"

"பட்டை முழுசா?"

"இல்ல!"

"அப்போ நமக்கு இன்னொரு விருந்துன்னு சொல்லு!"

பட்டை ஓர் அடி நெருங்கி வந்தது.

"வாய மூடு டூகல்!" ஷீனா பட்டையைப் பார்த்துக்கொண்டே கத்தினாள். "பதிவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இவ என்கூடத்தான் இருப்பா. கசாப்புக்குப் போக மாட்டா. கேக்குதா?"

பட்டை மெல்லத் திரும்பிச் சுவர்ப்பக்கம் நகர்ந்தது. ரோவன் எழுந்து, அக்காளின் பின்னால் போவதுபோல் தயங்காமல் அதன் பின்னே நடந்தது. ஷீனா ஈரக் கன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு அந்தத் தடத்திலேயே கால்வைத்தாள்.