பாதிக்கப்பட்டவர்கள்

“போனைக் குடும்மா!”

“கையை எடுடீ! வக்கீல் என்ன சொன்னார்? அந்தப் பொண்ணுங்க யாரோடயும்—”

“வாலு அப்படிப்பட்டவ இல்லம்மா, அவ என்—”

“—பேசினா ஜாமீனே போயிடும்னு சொன்னாரா இல்லையா?”

மகள் கையை எடுத்துக்கொண்டாள். அவளுடைய போனும் மடிக்கணினியும் போலீஸ் வசம். வீட்டில் மிச்சம் அம்மாவின் போன் ஒன்றுதான்.

நடந்தது இவ்வளவே. பேராசிரியர் தன் கணினி வகுப்புத் திரையில் தெரிவதை மறந்து, பெயர் போட வேண்டிய கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார். வகுப்பே பார்த்தது, வகுப்பே சிரித்தது. தேர்வு முடிந்ததும் பொறுமை இல்லாமல் அதைப் போட்டுப் பல்கலைக்கழகக் கணினிக்குள் நுழைந்தவள் இவள் ஒருத்திதான். மதிப்பெண்ணைப் பார்த்தாள், எதையும் மாற்றவில்லை. விடுதியில் ஒரே அறையில் இருந்த வாலுவுக்கும் பார்த்துச் சொன்னாள். பொழுது விடிவதற்குள் சேதி பரவி, “எனக்கும் பாருடி, தங்கமே” என்று ஆளாளுக்குக் கதவைத் தட்டினார்கள். யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது குற்றப்பத்திரிகையில் அவர்கள் அத்தனை பேரும் பாதிக்கப்பட்டவர்கள். பார்த்துச் சொன்ன ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரு தனிக் குற்றம். முதலில் நிற்பது வாலுவின் பெயர்.

“கேட்டாங்க, பார்த்துச் சொன்னேன். அது ஒரு குத்தமா?”

“பூட்டாத வீடுன்னா நீ பாட்டுக்கு உள்ள போயிடுவியா? இதுல ஊரையும் கூட்டிட்டுப் போயிருக்கே!”

“நாளைக்கு கோர்ட்ல ஒருத்தியாவது ‘நான்தான் பார்க்கச் சொன்னேன்’னு சொன்னா, ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்காதுன்னு வக்கீலே சொன்னாரேம்மா.”

“சொல்றவளா இருந்தா இந்நேரம் வந்திருப்பா. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்த்துச்சா இந்த வாசலை?”

அம்மா மகள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனை மேசைமேல் வைத்தாள். சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரங்களுக்கே மறுபடி குழாயைத் திறந்துவிட்டாள்.

வாலுவின் எண் மகளுக்கு மனப்பாடம்; அழைத்தாள். மணி அடித்தது. வாலு எடுத்தாள்.

“நான்தான்.”

அந்தப் பக்கம் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கதவைச் சாத்தியதும் சிரிப்பு அடங்கியது.

“பயப்படாதடி. நீ கேட்டேன்னுகூட சொல்ல வேணாம். பாஸுன்னு நான் சொன்னதும் என்னைக் கட்டிக்கிட்டு அழுதியே, அதை மட்டும் நாளைக்கு வந்து சொல்லு. சொல்றியா, வாலு?”