பதில் எழுதினால் கொசு ஜெயிக்கும்

ஒன்று

இந்தக் கதை எனக்காகத் தோன்றியதல்ல. அண்ணி கேட்டு வாங்கியது. "தம்பி, நீங்கதான் கதை எழுதுறவராச்சே. இவன் ஏன் இப்படிப் பண்றான்னு எழுதிக் குடுங்களேன். எனக்குப் புரியவே மாட்டேங்குது" என்றார், துணி மடித்துக்கொண்டே. விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அண்ணிக்குப் பகலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஒரு மென்பொருளுக்கு. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் மென்பொருள் அது. திறமூலம் என்பார்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், பொதுப் பக்கத்தில் குறை எழுதலாம். பராமரிக்க இருவர்: அண்ணியும், அவர் நேரில் பார்த்தேயிராத 'வாத்தியார்' என்ற ஒருவரும். சம்பளம் கிடையாது. வசவு தாராளமாக உண்டு. அண்ணி 'இவன்' என்றது அந்தப் பக்கத்தில் விடாமல் எழுதும் ஒருவனை.

இரண்டு

முதல் தொடக்கம்: "அவன் ஒரு கெட்டவன். வாயைத் திறந்தால்"

வேண்டாம். வாயைத் திறந்து திட்டுகிறவனைப் பக்கத்தில் எழுதவிடாமல் தடுத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவன் மரியாதைக்காரன். "ஒரு சின்ன சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பான். "இதை யாராவது சோதித்துப் பார்த்தீர்களா?" என்பான். பதில் சொன்னால் அந்தப் பதிலில் ஒரு சந்தேகம். மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் புகுந்து அங்கேயும் ஒன்று. கேட்டவர் யாரானாலும் பதில் உண்டு, எச்சரிக்காமல் யாரையும் தடுப்பதில்லை என்பது அவர்கள் குழுவின் விதி. அந்த விதிக்குள்ளேயே அவன் சுகமாகக் குடித்தனம் நடத்தினான். ஒருவழியாகத் தடுத்தால் வேறு பெயரில் வந்து நிற்பான். கொசு என்று பெயர் வைத்தார்கள்.

வாத்தியார் ஒரு நாள், "பக்கத்தைத் திறக்கவே பிடிக்கலைம்மா, என்னை விட்டுடுங்க" என்று எழுதிவிட்டுப் போனார். போனவர் திரும்பவில்லை.

(கம்ப்யூட்டரை மூடி வைத்தால் கொசு கடிக்காது என்பது என் அண்ணனின் யோசனை. சாப்பாட்டு மேசையில் யாரும் சிரிக்கவில்லை.)

மூன்று

இரண்டாம் தொடக்கம்: "வேலை போன நடுவயதுக்காரன். ஒற்றை அறை. அம்மா போன பிறகு அவனோடு பேச ஒரு"

இதை முடிக்கவில்லை. அண்ணி பின்னால் நின்று படித்துவிட்டார்.

"அவனுக்கு எதுக்கு அம்மா? எதுக்கு சோகம்?"

"காரணம் இல்லாம ஒரு பாத்திரம் நிக்காதே அண்ணி."

"வாத்தியாரை அஞ்சாறு வார்த்தையில அனுப்பிட்டீங்க. இவனுக்கு மட்டும் ரெண்டு தொடக்கமா?"

எனக்குச் சுருக்கென்றது. கொசுவைப் பற்றி எழுதுவதே அவனுக்கு ரத்தம் கொடுப்பதுதான். இதையும் படிப்பான். எனக்கும் மரியாதையாக ஒரு சந்தேகம் எழுதுவான். அம்மாவை எடுத்துவிட்டேன். இனி அவன் வெறும் எழுத்தாக மட்டும் வருவான்.

நான்கு

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை காலை, புதிய பெயரில் ஒரு குறிப்பு வந்தது: "ஒரு சின்ன சந்தேகம். அம்மாவின் மருந்து அளவை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் புதிய பதிப்பு இருபத்தைந்து மில்லி என்று வாசிக்கிறது. அவ்வளவு இருக்குமா? நடுவில் புள்ளி ஏதும் விட்டுப்போகிறதா? யாராவது சோதித்துப் பார்த்தீர்களா?"

அண்ணி முதல் மூன்று வார்த்தைகளைத்தான் படித்தார். கை பழகிப்போயிருந்தது. எச்சரிக்கை இல்லை, காரணம் இல்லை. குறிப்பை முடிந்துபோனதாகக் குறித்து மூடினார், எழுதியவரைத் தடுத்தார், காபி போடப் போனார்.

(இந்தக் கதையில் எண்களை எழுத்தால் எழுதுவது இதனால்தான்.)

சில வாரம் கழித்து இன்னொரு பெயர். "ஒரு சின்ன சந்தேகம். நீங்கள் மூடிய அந்தக் குறிப்பு சரிதானே? நானே சோதித்தேன். எச்சரிக்காமல் தடுத்தது உங்கள் விதிக்கு அடுக்குமா?" இது கொசுவேதான்; சனிக்கிழமை எழுதியது வேறு யாரோ. இந்த முறை அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

அண்ணி சோதித்துப் பார்த்தார். இரண்டரை என்று வாசிக்க வேண்டிய இடத்தில் மென்பொருள் புள்ளியை விழுங்கிவிட்டு இருபத்தைந்து என்றது. அன்றே திருத்தி வெளியிட்டார். தடையை நீக்கி, மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஆனால் அந்தப் பெயரில் இருந்த பயனர் கணக்கே இப்போது இல்லை. எழுதியது மகனா மகளா, எந்த ஊர், எதுவும் தெரியாது.

"அந்த அம்மாவுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு எனக்கு எப்பவுமே தெரியப்போறதில்லையா தம்பி?"

"எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கும் அண்ணி" என்றேன். இவ்வளவு மலிவான வசனத்தை என் கதைகளில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஐந்து

முடிவு ஒன்று: அண்ணி கொசுவுக்குப் பதில் எழுதுகிறார். "ஆமாம், தவறு என்னுடையது." அந்த ஒரு வரியை அவன் ஆயுசுக்கும் எடுத்துக்காட்டிக்கொண்டிருப்பான்.

முடிவு இரண்டு: அவனைத் தடுக்கிறார். அவனோடு சேர்ந்து அந்தத் தவறும் கண்ணில் படாமல் போகிறது. அண்ணி எல்லாவற்றையும் மறந்து

(அடித்துவிட்டேன். அண்ணி எதை மறந்தார்?)

முடிவு மூன்று: வாத்தியார் போன வழியிலேயே அண்ணியும் போகிறார். அடுத்த புள்ளி விழுங்கப்படும்போது குறை சொல்ல ஆள் இருக்கும், கேட்க இருக்காது.

படித்துவிட்டு அண்ணி தாளை மேசையில் வைத்தார். "மூணுலயும் அவன்தான் ஜெயிக்கிறான். அதுகூடப் போகட்டும். அந்த அம்மா மூணுலயுமே இல்லையே."

இல்லைதான். முடிவு என் கையில் இல்லை. அது ஒரே ஒரு வாசகரிடம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை சந்தேகம் கேட்டவர் நீங்கள்தான் என்றால், இந்தக் கதையை இப்போது அண்ணியின் மென்பொருள் உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது என்றால், தயவுசெய்து சொல்லுங்கள்: அன்று எவ்வளவு ஊற்றிக் கொடுத்தீர்கள்? அம்மா எப்படி இருக்கிறார்? எந்தப் பெயரிலும் எழுதலாம். எப்படி வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், திட்டியும் எழுதலாம். அண்ணி இப்போதெல்லாம் யார் எழுதினாலும் கடைசி வரிவரை படிக்கிறார். கொசு எழுதுவதையும்.