நாங்க பாத்துக்குறோம்

கோலா சாவா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த லோகேஸ்வரியின் தோளைப் பக்கத்து வீட்டு லெட்சுமி வந்து தட்டினாள்.

"லோகா, நேத்து டிவியில மோகனா பேசுனதப் பாத்தியா? வயசானவங்களுக்காக என்னா பேச்சு! ஒன் தங்கச்சி எங்களுக்கெல்லாம் சாமி மாதிரிலா."

லோகேஸ்வரி சிரித்து வைத்தாள். வயிறு திகுதிகுவென்று எரிந்தது. சட்டமன்ற உறுப்பினரை ஊரில் ஒய்பி என்பார்கள். ஒய்பியின் அக்கா என்பதற்காக மீன்காரர் இரண்டு மீனைக் கூடுதலாக அள்ளிப் போட்டார். அதில் இன்னும் எரிந்தது.

மோகனா அவளைவிட எட்டு வயது இளையவள். படித்தாள், வழக்கறிஞரானாள், கட்சியில் சேர்ந்து தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்கே போய்விட்டாள். முதியோர் உதவித்தொகையைக் கூட்டுங்கள், தோட்டங்களை விட்டு வந்த கிழவர் கிழவிகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் கொடுங்கள் என்று அங்கே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. லோகேஸ்வரிக்கே அது தெரியும். தெரிந்ததால்தான் தன் எரிச்சலை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்தாள்.

அவர்களுடைய அப்பா ஆறுமுகம் ஒரு காலத்தில் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். இப்போது நினைவு தப்பிவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்வதற்காக லோகேஸ்வரி தொழிற்சாலை வேலையை விட்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெம்பர்ஸ் மாற்றுவது எல்லாம் அவள்தான். ஆனால் அவருக்கு அவளை அடையாளம் தெரியாது. தோட்டத்து ஆஸ்பத்திரித் தாதியை அந்தக் காலத்தில் மிஸ்ஸி என்பார்கள். லோகேஸ்வரியிடமும் அவர் "மிஸ்ஸி, தண்ணி குடுங்க" என்று மரியாதையாகக் கேட்பார்.

மோகனா மட்டும் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றால் போதும். கிழவரின் முகம் மலர்ந்துவிடும். "மோனா! சாப்டியாம்மா?" என்பார். அடுப்படியில் நின்று அதைக் கேட்கும்போதெல்லாம் லோகேஸ்வரிக்குக் கையில் இருக்கிற பாத்திரத்தைத் தூக்கி எறியலாம்போல இருக்கும்.

அன்று மாலை லெட்சுமி சொன்ன பேட்டியைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். கேள்வி கேட்டவர், உங்கள் வீட்டில் வயதானவர்கள் உண்டா என்றார். மோகனா தலையை ஆட்டி, "எங்க அப்பா இருக்காரு. நாங்க வீட்டுலயே வச்சுப் பாத்துக்குறோம்" என்றாள்.

நாங்க.

லோகேஸ்வரி அந்த இடத்தை மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை சட்டமன்றம் கூடுகிறது, முதியோர் உரிமைபற்றி மோகனா பேசப்போகிறாள் என்று கீழே போட்டிருந்தது. அதையும் படித்தாள்.

திங்கட்கிழமை காலையில் அப்பாவைத் தன் பழைய கஞ்சில் காரில் உட்கார வைத்து, துணிப்பையை மடியில் வைத்து, மம்பாவில் இருக்கும் மோகனாவின் வீட்டுக்கு ஓட்டிப் போனாள். மோகனா கறுப்புக் கோட்டும் கையில் கோப்புமாக வாசலில் நின்றாள். கார் தயாராக இருந்தது.

"அக்கா! என்ன, அப்பாவுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்காரு. கொஞ்ச நாளு ஒன்கிட்ட இருக்கட்டும்."

"இன்னைக்கா? இன்னைக்குச் சட்டமன்ற டேவான்ல நான் பேசணும்கா. நாளைக்குக் கொண்டாயேன்."

"நாங்க பாத்துக்குறோம்னு டிவியில சொன்னல்ல? அந்த நாங்கள்ல நீயும் ஒருத்திதான? பாத்துக்க."

அப்பா மோகனாவைப் பார்த்துவிட்டார். "மோனா! சாப்டியாம்மா?" என்றார். லோகேஸ்வரி பையைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.

போர்டிக்சன் வரைக்கும் போனாள். கடற்கரைக் கடையில் நாசி லெமாக் வாங்கிச் சூடாகச் சாப்பிட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டிய தேவை இல்லாமல் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று! மோகனா இப்போது என்ன பாடு படுகிறாளோ என்று நினைக்க நினைக்க உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முதியோர் உரிமையைப் பேச வேண்டிய ஒய்பி சபைக்கே வரவில்லை என்று நாலு பேர் காறித் துப்பட்டும். துப்பினால்தான் புத்தி வரும்.

வெயில் ஏறியதும் கைப்பேசியைத் திறந்தாள். லெட்சுமி ஒரு படம் அனுப்பியிருந்தாள். மோகனாவின் உதவியாளர் யாரோ முகநூலில் போட்டது. சோபாவில் அப்பா, பக்கத்தில் கோட்டோடு மோகனா, இருவரும் சிரிக்கிறார்கள். 'தந்தைக்காகச் சட்டமன்றத்தையே விட்டு வந்த மகள்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே ஊரே திரண்டு பாராட்டியிருந்தது. 'இப்படி ஒரு பிள்ளை கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும்' என்று எழுதிய பெண்ணை லோகேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டுக்கு வந்தபோது டீ போட்டுக் கொடுத்தது லோகேஸ்வரிதான்.

தங்கச்சியைக் கீழே தள்ளத்தான் கொண்டுபோய் விட்டாள். அதுவே மாலையாகி அவள் கழுத்தில் விழுந்துவிட்டது! லோகேஸ்வரி எழுந்தாள். நேரில் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்று காரைத் திருப்பினாள்.

மம்பாவ் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நுழைந்ததும் நாற்றம் மூக்கில் அடித்தது. அப்பா மூலையில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, நனைந்த கைலியை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். மோகனா எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டில் கறை. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"நீ போனப்பறம் கொஞ்ச நேரந்தான் நல்லா இருந்தாரு, அதுலேர்ந்து இப்படித்தான்கா. கிட்டப் போனா கத்துறாரு. கையில அடிச்சிட்டாரு."

கிழவர் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "மோனா, நீ வெளிய போம்மா. பொம்பளப் புள்ள நீ, அப்பாவ இப்படிப் பாக்கக் கூடாது. மிஸ்ஸிய வரச் சொல்லு."

லோகேஸ்வரி கேட்க வந்ததை மறந்து அப்படியே நின்றாள். பெற்ற மகள் என்று தெரிந்ததால்தான் அவர் வெட்கப்பட்டார். லோகேஸ்வரியை யாரோ என்று நினைத்ததால்தான் இத்தனை காலமும் கூச்சமில்லாமல் உடம்பைக் கொடுத்தார்.

"மிஸ்ஸி வந்துட்டேன் ஐயா" என்றாள். "வாங்க, குளிச்சிரலாம்."

அவர் உடனே கையை நீட்டினார்.

குளித்து, கஞ்சி குடித்து, அவர் தூங்கிய பிறகு இருவரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். அந்தப் படத்தைத் தான் போடச் சொல்லவில்லை என்றாள் மோகனா.

"அத விடு," என்றாள் லோகேஸ்வரி. "வேணும்னுதான் இன்னைக்குக் கொண்டாந்து விட்டேன். ஒன்ன நாலு பேரு ஏசணும்னு ஆசப்பட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"காலையில ஒன் மொகத்தப் பாத்தேன்ல. எனக்குக் கோவந்தான். இன்னமும் கோவந்தான். ரெண்டு மாசமா எழுதுன பேச்சுக்கா அது." மோகனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தப் பேச்சுல வீட்டுல பாத்துக்குறவங்களப் பத்தி ஒரு வரிகூட இல்ல. இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு."

லோகேஸ்வரி எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். இரண்டு பேருக்கும் கோப்பி கலந்தாள்.

மறுநாள் சபையில் கெஞ்சிக் கேட்டு மோகனா கொஞ்ச நேரம் வாங்கிப் பேசினாள். பராமரிப்பு நிலையத்தோடு, வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு மாற்றாள் வேண்டும், ஓய்வு வேண்டும் என்றும் கேட்டாள். லோகேஸ்வரி அதை மம்பாவ் வீட்டிலேயே அப்பாவோடு உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தாள். "அதோ, எம் மக மோனா" என்று அவர் அவளுக்குக் காட்டினார். அப்போதும் சுருக்கென்றுதான் இருந்தது.

அதன்பிறகு மோகனா ஓர் ஆண் பராமரிப்பாளரைத் தேடிப் பிடித்தாள். சனி ஞாயிறுகளில் அப்பா மம்பாவில் இருந்தார். அடுத்த ஆண்டு கோலா சாவாவிலேயே கடைவீட்டில் ஒரு பகல்நேர நிலையம் திறந்தார்கள். திறப்பு விழாவில் மோகனா அக்காவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். லோகேஸ்வரி நல்ல சேலை கட்டியிருந்தாள்.

மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தில் மோகனாவும் அப்பாவும் மட்டும் இருந்தார்கள். ஓரத்தில் லோகேஸ்வரியின் முழங்கை தெரிந்தது.

முன்பென்றால் அதை மடித்து வைத்துவிட்டு ஒரு வாரம் உள்ளுக்குள்ளேயே வெந்திருப்பாள். இப்போது கைப்பேசியை எடுத்தாள்.

"ஏன்டி, ஊரு ஒலகத்துக்கெல்லாம் உரிமை கேக்குறியே, பத்திரிகக்காரன்கிட்ட எம் மூஞ்சியப் போடச் சொல்ல ஒனக்கு வாய் இல்லையா? எறநூறு வெள்ளி குடுத்து வாங்குன சேல அது!"

மறுமுனையில் மோகனா சிரிக்கத் தொடங்கினாள். லோகேஸ்வரி சிரிக்கவில்லை. சொல்ல வேண்டியது அவளுக்கு இன்னும் நிறைய இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.