டெயின்டிக்கு வந்த கோடை

எடித் டைசன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் வந்திருந்தாள். சங்கத்து நாய் டெயின்டியைச் சுடக் கூடாது. அது அவள் பண்ணையிலேயே கிடந்து, தன் சாவைத் தானே சாகட்டும் என்று கமிட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஸ்கார்கில் நரிவேட்டைச் சங்கத்தின் கமிட்டி ஒரு வார்த்தையோடு எதையும் முடித்ததாகச் சரித்திரம் கிடையாது.

அந்தச் சரித்திரம்தான் அன்றைக்கு எடித்தின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சங்கத்தின் ஆண்டுவிழா விருந்துக்குக் கோப்பைகள் செய்யக் கொடுக்க வேண்டும். கோப்பையில் சங்கத்தை ஆரம்பித்தவரின் பெயர் போட வேண்டும். யார் பெயர்? தலைவர் வில்ஃப் டார்கு, முதல் நாய்களை வளர்த்தவர் தன் கொள்ளுத்தாத்தா என்றார். எதிரே உட்கார்ந்திருந்த ஐசக் மாஸப், அந்த நாய்களுக்கு முதலில் கொம்பு ஊதியவர் தன் கொள்ளுத்தாத்தா என்றார். நாயை வளர்த்தால் போதுமா, ஊதினால்தானே வேட்டை என்று ஒரு கட்சி. நாயே இல்லாமல் மலை மேல் நின்று யாருக்கு ஊதுவது என்று இன்னொரு கட்சி.

கூட்டம் நடந்த பப்பின் பின்னறையில் ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த சட்டி காலியாகிவிட்டது. தொட்டுக்கொள்ள வைத்த சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாயும் தீர்ந்துவிட்டது. கொள்ளுத்தாத்தாக்கள் மட்டும் தீரவில்லை. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது.

நரிவேட்டைக்குக் குதிரையும் சிவப்புக் கோட்டும் தெற்கத்திக் கனவான்களுக்கு. இந்த மலையில் எல்லோருக்கும் நடைதான். நரியைத் துரத்தக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, யாராவது முன்னால் இழுத்துக்கொண்டு போன வாசனைத் துணியின் பின்னால் நாய்கள் ஓடுகின்றன, நாய்களின் பின்னால் இவர்கள் மூச்சு வாங்குகிறார்கள். துணியைத் துரத்துகிறவர்களுக்கு இவ்வளவு வீறாப்பு எதற்கு என்று எடித்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலாளர் என்ற பெயரில் இத்தனை வருஷமாக இதையெல்லாம் எழுதித் தொலைத்தவள் அவள்தான்.

டெயின்டிக்கு இந்தச் சண்டையெல்லாம் தெரியாது. வேட்டைக் காலம் முடிந்ததும் சங்கத்து நாய்களைப் பண்ணைக்கு ஒன்றிரண்டாகப் பிரித்து விடுவார்கள். கோடை முழுக்க அவை வீட்டு நாய்கள். டெயின்டி குட்டியிலிருந்தே டைசன் பண்ணைக்குத்தான் வரும். எடித்தின் கணவன் படுக்கையில் கிடந்த கோடையில் அவன் கட்டிலடியை விட்டு அது நகரவில்லை. அவன் போன பிறகு, வீட்டில் மூச்சுவிடுகிற இன்னொரு உயிர் என்று எடித்துக்கு அது ஒன்றுதான் இருந்தது. இந்த வருஷமும் பண்ணைக்கு வந்திருக்கிறது, ஆனால் இப்போது அதற்குப் பின்னங்கால் விழுந்துவிட்டது. ஓட முடியாத நாயைச் சங்கம் வைத்துக்கொள்ளாது. சங்கத்து நாய்க்கொட்டிலுக்குத் திரும்பிப் போனால் அடுத்தது துப்பாக்கிதான்.

கடைசியில் கொள்ளுத்தாத்தாக்கள் இரண்டு பேரையும் ஒத்திவைத்துவிட்டு, இரு கட்சியும் ஒத்துக்கொள்கிற ஒரு விஷயத்தையாவது சரித்திரத்தில் எழுதலாம் என்று தீர்மானித்தார்கள். அப்படி ஒன்றே ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், சங்கத்து நாய்களைப் பார்த்துக்கொள்கிற வேட்டைக்காரர் ஒருவர் கோடை முடிவில் ஒரு பண்ணைக்கு நாயை அழைத்துப் போக வந்து, வீட்டுப் பெண்ணையும் சேர்த்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து வேட்டைக்காரர் எவரும் நாயை அழைக்க எந்தப் பண்ணையின் வாசலையும் மிதிப்பதில்லை. கோடை முடிந்ததும் பண்ணைக்காரர்களே நாயைக் கொண்டுவந்து விட வேண்டும். இந்த வழக்கம் இதுவரை ஒருமுறைகூட மீறப்பட்டதில்லை, இனியும் மீறப்படாது என்று வில்ஃப் சொல்லச் சொல்ல எடித் எழுதினாள். எல்லோரும் கை தூக்கினார்கள். ஐசக்கும் தூக்கினார்.

பிறகுதான் டெயின்டியின் முறை வந்தது. அதற்குள் பாதிப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். எடித் கேட்டு முடிப்பதற்குள் வில்ஃப் தலையை ஆட்டிவிட்டார்.

"எடித்து, உனக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் நாம வேட்டையா நடத்துறோம், முதியோர் இல்லமா நடத்துறோம்?"

காலையிலிருந்து ஒன்றிலும் ஒத்துப்போகாத ஐசக், இதில் மட்டும் தலைவர் சொல்வதே சரி என்றார். செத்துப்போன இரண்டு கிழவர்களுக்காக ஒரு பகல் முழுக்கப் பேசினார்கள். உயிரோடு இருக்கிற நாய்க்கு ஒரு நிமிஷம் இல்லை. அழுதுவிடுவோமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"சரிப்பா. வழக்கப்படியே செய்யறேன். கோடை முடிஞ்சதும் நானே கொண்டாந்து விட்டுடறேன்."

"அதான் முறை," என்றார் வில்ஃப்.

"ஆனா எங்க பண்ணையில இந்த வருஷம் கோடை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, வில்ஃப். ஜன்னலைப் பாரு. நீ பாத்தியா கோடைய?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வில்ஃபுக்கு முகம் சிவந்தது. விளையாடாதே என்றார். மூலையில் நின்றிருந்த வேட்டைக்காரர் ஜான்டியைப் பார்த்து, நாளைக் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த நாயை ஏற்றி வா என்றார்.

நாய்களுக்குச் சோறு போடுகிறவரும் ஜான்டிதான், கடைசியில் துப்பாக்கி எடுக்கிறவரும் அவர்தான். தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார்.

"நான் பண்ணைக்குப் போக மாட்டேங்க. எங்கப்பாவும் போனதில்ல. இப்பத்தானே எல்லாரும் கை தூக்குனீங்க."

வில்ஃப் ஐசக்கைப் பார்த்தார். வழக்கம் என்றால் வழக்கம்தான் என்று ஐசக் முனகினார். எல்லாம் உங்கள் கொள்ளுத்தாத்தா செய்த கூத்தால் வந்த வினை, எங்கள் வீட்டுப் பெண்ணை அவர் இழுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை என்று வில்ஃப் பாய்ந்தார். இழுத்துக்கொண்டு போகவில்லை, அவளேதான் ஓடி வந்தாள் என்று ஐசக் எழுந்து நின்றார். கோட்டு மாட்டியவர்கள் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்கள்.

எடித் அதை எழுதவில்லை. கையில் கோட்டை எடுத்துக்கொண்டு அவள் கதவைத் தாண்டும்போது ஜான்டி பின்னாலேயே வந்தார். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, மழையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அதுக்குப் பேரு வச்சதே நான்தான் அக்கா. நீங்க எந்த வருஷமும் கொண்டாராதீங்க."